கொட்டிலும் தொட்டிலும்



ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் பூவத்தில் என்ன நடக்கும் என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. நண்டலாறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடும். கொல்லையில் முழங்கால் சேறு. கட்டுத்தறியில் நின்ற பசு தாழ்வாரத்துக்கு வரும். ஆடு திண்ணையில் ஏறும். ஈன்று மூன்று நாளான குட்டியை, "பாவம், நனையுதே" என்று அத்தை தூக்கிவந்து கூடத்து மூலையில் சாக்கு விரித்துப் படுக்கவைப்பார். பக்கத்திலேயே பஞ்சாரத்தில் கோழி. அதே கூடத்தின் உத்தரத்தில்தான் உங்கள் கைக்குழந்தையின் தூளியும் தொங்குகிறது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரை கடந்த இரவில் இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் மனிதரும் கால்நடையும் ஒரே அறையில் விடிய விடியக் கிடந்தார்கள். வேறு வழி இல்லை.

புயல் ஓர் இரவு. ஆனால் சில வீடுகளில் வருஷம் முழுவதுமே இப்படித்தான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

ஆடு மாடு வேண்டாம், கோழி வேண்டாம் என்று சொல்ல இந்தப் பிரசுரம் வரவில்லை. குழந்தைக்குப் பால், வயலுக்கு எரு, அவசரத்துக்கு விற்றால் கையில் காசு. ஆட்டை விற்றுப் பிரசவச் செலவு பார்த்த குடும்பங்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும். நானும் மாட்டுச்சாணம் தெளித்த வாசலில் வளர்ந்தவன்தான். நான் கேட்பது இரண்டே விஷயம். கால்நடை மூச்சுவிடும் இடமும், கைக்குழந்தையும் கர்ப்பிணியும் தூங்கும் இடமும் வேறு வேறாக இருக்கட்டும். வீட்டில் யாருக்காவது காய்ச்சலோ இருமலோ வந்து டாக்டரிடம் போனால், "எங்க வீட்டுல ஆடு, மாடு, கோழி இருக்கு" என்று அவர் கேட்காமலே சொல்லுங்கள். ஏன் என்பதைத்தான் இனிமேல் விளக்கப்போகிறேன்.

நான் பார்க்கத் தவறியது

வேலைக்குச் சேர்ந்த புதிது. டெல்டாவில் ஒரு கிராமம்; பெயர் வேண்டாம். கார்த்திகை மாதம். குடும்பநலப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் ஏழு மாத ஆண் குழந்தை, பாட்டி மடியில். கூடத்துக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவே ஒரு தட்டிதான். கொசுவுக்காக வரட்டியும் வேப்பிலையும் போட்டு மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. குழந்தை இருமியது. "சளிதான் சார், மழையில்ல" என்றார் பாட்டி. நானும் தலையாட்டினேன். அந்தத் தாயிடம் அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விடுவது பற்றி அரைமணி நேரம் பேசினேன். பதிவேட்டில் எழுதினேன். தேநீர் குடித்தேன். கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் அந்தக் குழந்தை உதடு நீலம் பாரித்து ஆஸ்பத்திரியில் கிடந்தது. நிமோனியா. பதினொரு நாள் பிராணவாயுவும் ஊசியும். பிழைத்துக்கொண்டது. ஆனால் வார்டு வாசலில் அதன் தகப்பனார் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "நீங்க வந்த அன்னிக்கே புள்ளைக்கு இப்படித்தான் இழுத்துச்சு. நீங்களும் பாத்தீங்க. ஒண்ணும் சொல்லலியே?"

நான் பார்க்கவில்லை, அதுதான் உண்மை. குழந்தையின் சட்டையைத் தூக்கி மார்பைப் பார்த்திருந்தால், ஒரு நிமிடம் மூச்சை எண்ணியிருந்தால், அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்த எண்ணிக்கையை இந்தப் பிரசுரத்தின் பின்பகுதியில் எழுதியிருக்கிறேன். வேறு எதைப் படிக்காவிட்டாலும் அதைப் படியுங்கள்.

கொட்டிலின் காற்றில் என்ன இருக்கிறது?

காலையில் சாத்திக்கிடந்த கொட்டகைக் கதவைத் திறந்ததும் மூக்கைத் துளைத்து, கண்ணைக் கரிக்கும் ஒரு நெடி வருகிறதே, அது அம்மோனியா. மாட்டு மூத்திரமும் சாணமும் கோழி எச்சமும் மக்கும்போது கிளம்பும் வாயு. கறிக்கோழிக் கொட்டகையில் வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

நம் மூச்சுக்குழாயின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிர்கள் அடர்ந்திருக்கின்றன. காற்றில் நெற்பயிர் அலையலையாகச் சாய்வதுபோல அவை ஓயாமல் அசைந்து, உள்ளே போன தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அம்மோனியாவும் புகையும் இந்த மயிர்களை முடக்கிவிடுகின்றன. வேலைக்காரன் இல்லாத வீடு மாதிரி, வந்த குப்பை வந்தபடியே கிடக்கும். கிருமி நுரையீரலுக்குள் இறங்க வழி கிடைத்துவிடும். பெரியவர்களுக்கு அகலமான மூச்சுக்குழாய், தாக்குப்பிடிப்பார்கள். கைக்குழந்தைக்கு அது மிகக் குறுகியது. கொஞ்சம் வீங்கினாலே அடைத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கு வரும் நிமோனியாவில் பெரும்பாலானவை மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிருமிகளால்தான். ஆட்டையும் மாட்டையும் எல்லாவற்றுக்கும் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் கொட்டிலின் நெடியும், தூசியும், கொசு மூட்டத்தின் புகையும் அந்தக் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுகின்றன. மாட்டுக்கு மூட்டம் போடுவது அவசியமென்றால் கொட்டகையின் வெளிப்புறத்தில், காற்று வீட்டை நோக்கி அடிக்காத பக்கத்தில் போடுங்கள். பிள்ளைக்குக் கொசுவலை கட்டுங்கள். குளிப்பாட்டியதும் குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதும் இதே கணக்கில்தான் சேரும். வாசனை நல்லதுதான்; பச்சைக் குழந்தையின் நுரையீரலுக்கு அது புகைதான். இன்னொன்று, மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம். அந்த எண்ணெய் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் இறங்கி, எந்தக் கிருமியும் இல்லாமலே நிமோனியாவைக் கொண்டுவரும். பாட்டிமார்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இதை விட்டுவிடுங்கள்.

மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வைக்கோலும் ஒரு வில்லங்கம். அதை உதறிப் போட்டவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வரலாம். இரண்டு நாளில் தணியும். மறுபடி உதறினால் மறுபடி வரும். இது தொற்று நோய் அல்ல, பூஞ்சைத் தூசி நுரையீரலுக்கு ஒவ்வாமல் வருவது. ஆனால் வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரல் தழும்பேறிக் கெட்டுப்போகும். போரின் மேல் தார்ப்பாய் போட்டு மூடுவதும், பூத்துப்போன வைக்கோலை மாட்டுக்குப் போடாமல் எருக்குழியில் தள்ளுவதும் மாட்டுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

ஒல்லாந்து தேசத்தில் நடந்தது

"பண்ணைக்குப் பக்கத்துல இருந்தாலே நோய் வருமா?" என்று கேட்பீர்கள். வந்திருக்கிறது. ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தைக் கையில் வைத்திருந்தார்களே ஒல்லாந்தர், அவர்களுடைய நெதர்லாந்து தேசத்தில்தான்.

அங்கே தெற்கே வடக்கு பிராபண்ட் என்று ஒரு மாகாணம். பாலுக்காக ஒரே கொட்டகையில் நூற்றுக்கணக்கில் ஆடு வளர்ப்பார்கள். 2005 முதல் சில பண்ணைகளில் ஆடுகள் கூட்டங்கூட்டமாகக் கன்று வீச ஆரம்பித்தன, அதாவது காலத்துக்கு முன்பே குட்டி கலைந்து விழுந்தது. 2007-ல் ஹெர்பன் என்ற சின்ன ஊரில் மனிதர்களுக்கு விடாத காய்ச்சல், தலையைப் பிளக்கும் வலி, நிமோனியா. 2010 முடிவதற்குள் 4,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் பதிவாகியிருந்தது. இதில் கவனிக்கவேண்டியது என்னவென்றால், பலர் ஆட்டையே தொட்டதில்லை. பண்ணைக்கு அருகில் குடியிருந்தார்கள், அவ்வளவுதான். காற்றில் தூசியாக வந்தது. கடைசியில் 2009 டிசம்பரிலிருந்து சினையாட்டை 50,000-க்கும் மேல் கொன்று அழித்தார்கள். மற்ற ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். அதற்குப் பிறகே அடங்கியது.

அந்த நோய்க்குக் 'க்யூ காய்ச்சல்' என்று பெயர். 1935-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து இறைச்சிக்கூடத் தொழிலாளர்களுக்கு இது வந்தபோது என்ன நோய் என்றே விளங்கவில்லை. ஆகவே 'கேள்வி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். கேள்விக் காய்ச்சல் என்றே நாமும் சொல்லலாம். பிறகுதான் காக்சியெல்லா என்ற கிருமி கண்டுபிடிக்கப்பட்டது.

க்யூ காய்ச்சல் அடங்கிய பிறகும் அந்த நாட்டு ஆராய்ச்சியாளர்கள் விடவில்லை. பண்ணைகளைச் சுற்றிக் குடியிருப்பவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆட்டுப் பண்ணையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கும், கோழிப் பண்ணையிலிருந்து சுமார் 1 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கும் மற்றவர்களைவிட நிமோனியா கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. காற்றில் அம்மோனியா கூடும்போது மக்களின் மூச்சுத்திறன் சற்றுக் குறைவதையும் கண்டார்கள்.

நம் ஊரில் அப்படிப் பெரிய ஆட்டுப் பண்ணை ஏது? நாமக்கல்லைப் போல லட்சக்கணக்கில் கோழி வளர்க்கும் ஊரும் அல்ல இது. உண்மைதான். ஆனால் அவர்கள் 2 கிலோமீட்டரைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்கள் வீட்டில் ஆட்டுக்கும் தூளிக்கும் நடுவே எத்தனை முழம்?

அந்தக் கிருமி நம் பக்கத்தில் இல்லை என்றும் நினைக்கவேண்டாம். புதுச்சேரியிலும் சுற்றுப்புறத்திலும் செம்மறியாடு, வெள்ளாடுகளின் ரத்தத்தைச் சோதித்தபோது க்யூ காய்ச்சல் கிருமி தாக்கிய தடயம் இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் 2014-ல் அது வெளிவந்தது. ஆட்டுக்கு இருந்தால் மனிதனுக்கும் வரும். நம் ஊர்களில் வாரக்கணக்கில் காய்ச்சலடித்து, டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை, எலிக்காய்ச்சல் இல்லை என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. அவர்களில் சிலரிடமாவது, "வீட்டில் ஆடு குட்டி போட்டதா?" என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அதனால்தான் நீங்களே சொல்லவேண்டும் என்கிறேன். சந்தேகம் வந்தால் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதுவார். இதற்கு மருந்து இருக்கிறது, குணமாகும். கடையில் கேட்டு வாங்கித் தின்னாதீர்கள்.

ஆடு ஈனும் நேரம்

இந்தக் கிருமி ஆட்டின் மேல் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. மிக அதிகமாக வெளிப்படுவது குட்டி ஈனும்போதுதான். பனிக்குட நீரிலும், இளங்கொடியிலும், ஈன்ற இடத்து ரத்தத்திலும் கோடிக்கணக்கில் இருக்கும். கன்று வீசினால் இன்னும் அதிகம். அந்த ஈரம் மண்ணில் காய்ந்து தூசியாகும். தூசியிலும் இந்தக் கிருமி சாகாது, மாதக்கணக்கில் கிடக்கும். மார்கழியில் ஆடு ஈன்ற மூலையை மாசியில் விளக்குமாற்றால் பெருக்கினால், அந்தத் தூசி உங்கள் மூக்குக்குள் போகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வரும்போது ஆட்டின் நினைப்பே இருக்காது. பாதிப்பேருக்கு ஒன்றுமே தெரியாமலும் போய்விடும். இதய வால்வில் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் உள்ளேயே தங்கி, பின்னாளில் இதயத்தைக் கெடுக்கக்கூடும்.

கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் கெடுதல். கருக்கலைப்பு, குறைமாதப் பிரசவம், குழந்தை வயிற்றிலேயே இறத்தல் ஆகியவற்றுக்கு இந்த நோய் காரணமாகலாம். கால்நடைகளின் கருச்சிதைவுக் காய்ச்சல் எனப்படும் புரூசெல்லா நோயும் இதே வழியில் வரும். ஆகவே கணவன்மார்களே, இந்த ஒன்றை உங்களிடம்தான் சொல்லவேண்டும். மனைவி முழுகாமல் இருக்கும் மாதங்களில் ஆடு ஈன்றால் அவரைக் கிட்டே விடாதீர்கள். குட்டியை இழுப்பது, துடைப்பது, இளங்கொடியை எடுப்பது எல்லாம் உங்கள் வேலை. அல்லது வீட்டில் வேறு பெரியவர்கள் செய்யட்டும்.

நம் வீடுகளில் கொட்டகை வேலை மருமகள் தலையில்தான் விழுகிறது. அவள் 'எனக்கு முடியாது' என்று சொன்னால் வேறு மாதிரி அர்த்தமாகிவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. "அத்தை, நர்சம்மா சொல்லிட்டாங்க. ஆடு ஈனுறப்ப நான் பக்கத்துலயே வரக்கூடாதாம், வயித்துப் புள்ளைக்கு ஆகாதாம்" என்று பழியை எங்கள் மேல் போட்டுவிடுங்கள் தாய்மார்களே. சுமப்பதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.

இளங்கொடி விஷயம். மாடு கன்று போட்டால் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது பழைய வழக்கம். மரத்தில் பால் வடிவதுபோல மாடும் பால் சுரக்கும் என்ற நம்பிக்கை. நாய் இழுத்துப்போகாமல் இருக்கவும் அது உதவியது என்று நினைக்கிறேன். ஆனால் மரத்தில் காய்கிற கொடியிலிருந்தும் தூசி பறக்கும், காக்கை கொத்திச் சிதறும். ஆலமரத்தை விட வேண்டாம் என்கிறவர்கள் அதனடியில் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடலாம். ஆட்டுக் கொடியையும் அப்படியே. கையில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொள்ளுங்கள், மூக்கையும் வாயையும் துண்டால் இறுகக் கட்டிக்கொள்ளுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். ஆடு ஈன்ற இடத்தை உலர்ந்தபடி பெருக்கக்கூடாது. தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு வழித்தெடுங்கள்.

ஒரு ஆடு கன்று வீசினால் அது அந்த ஆட்டின் தலைவிதி என்று விட்டுவிடாமல் கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். இரண்டு மூன்று ஆடு அடுத்தடுத்து வீசினால் அன்றைக்கே சொல்லவேண்டும்.

சீம்பாலை நம் பெண்கள் அவித்தோ காய்ச்சியோதான் கொடுக்கிறார்கள். நல்ல பழக்கம், விடாதீர்கள். கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடிப்பதைத்தான் நிறுத்தவேண்டும். மாட்டுக் காசநோய்க் கிருமி, புரூசெல்லா, இந்தக் கேள்விக் காய்ச்சல் கிருமி எல்லாமே பாலில் வரக்கூடியவை. ஒரு கொதி வந்தால் அத்தனையும் சாகும்.

கோழி செத்தால்

வெள்ளைக்கழிச்சலில் கோழி சாவது நமக்குப் பழகிப்போன சங்கதி. பறவைக் காய்ச்சலிலும் கோழியும் வாத்தும் அதேபோலத்தான் திடீர் திடீரென்று சாகும். வெறும் கண்ணால் பார்த்து இது அது என்று பிரிக்க முடியாது. வெள்ளைக்கழிச்சல் மனிதனை அதிகம் தொந்தரவு செய்யாது. பறவைக் காய்ச்சல் அப்படி அல்ல. 1997-ல் ஹாங்காங்கில் முதன்முதலாக 18 பேரைத் தாக்கி 6 பேரைக் கொன்றது. நம் நாட்டில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூர் கோழிப் பண்ணைகளில் வந்தது. 2021 ஜனவரியில் கேரளத்தின் கோட்டயம், ஆலப்புழை மாவட்டங்களில் வாத்துகளுக்கு வந்தது. அதே வருஷம் ஜூலையில் டெல்லி மருத்துவமனையில் ஒரு சிறுவன் இறந்தது, இந்தியாவில் இந்நோயால் பதிவான முதல் மனிதச் சாவு. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மனிதனுக்கு இது அபூர்வமாகத்தான் வருகிறது. வந்தால் கடுமை.

அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக்கூட்டம் மேய வருவதைப் பார்க்கிறீர்கள். நம் நீர்நிலைகளுக்கு வெளியூர்ப் பறவைகளும் வருகின்றன. வீட்டு வாத்து, கோழி இவற்றோடு கலக்காமல் பார்ப்பது நல்லது. நாலைந்து கோழி ஒரே நாளில் செத்தால் அறுத்துக் குழம்பு வைக்காதீர்கள், இறகு பிய்க்காதீர்கள். வாய்க்காலில் வீசாதீர்கள்; கீழே இன்னொரு குடும்பம் அதில் குளிக்கிறது. பிள்ளைகளைத் தள்ளிவைத்து, கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அதன்பின் பத்து நாளுக்குள் வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் இருமலும் வந்தால், கோழி செத்ததை டாக்டரிடம் சொல்லவேண்டும். நோயில்லாத கோழியும் முட்டையும் நன்றாக வேகவைத்துத் தின்பதில் பயமில்லை. கோழிக்கறியையே நிறுத்திவிட்டு, செத்த கோழியை மட்டும் வெறுங்கையால் தூக்கிப்போட்ட வீடுகளையும் பார்த்திருக்கிறேன்!

மூச்சை எண்ணுங்கள்

இப்போது நான் முன்பே சொன்ன கணக்கு. குழந்தைக்கு இருமலோ சளியோ இருந்தால், அது அமைதியாக இருக்கும்போது அல்லது தூங்கும்போது சட்டையைத் தூக்கி வயிற்றையும் மார்பையும் பாருங்கள். அழும்போது எண்ணக்கூடாது, பால் குடித்த கையோடும் எண்ணக்கூடாது. ஒருவர் செல்போனில் ஒரு முழு நிமிடம் பார்க்கட்டும், மற்றவர் எண்ணட்டும். ஏறி இறங்கினால் ஒன்று. கணவனும் மனைவியும் சேர்ந்து செய்தால் இது சுலபம்.

பிறந்து 2 மாதம் ஆகாத சிசுவுக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் 1 வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், 1 வயது முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. சாதாரணச் சளி அல்ல, நிமோனியாவாக இருக்கலாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.

எண்ணிக்கை எதுவானாலும், மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தால், பால் குடிக்காவிட்டால், குடித்ததையெல்லாம் கக்கினால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடந்தால், உதடு நீலமானால் ஒரு நிமிடமும் காத்திருக்கக்கூடாது. 108-க்குப் பேசுங்கள், காரைக்கால் அரசுப் பொது மருத்துவமனைக்குப் போங்கள். பிறந்து இரண்டு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு உடம்பு சுட்டாலோ, ஜில்லென்று ஆகிவிட்டாலோ அதுவே அவசரம்தான். 'மாந்தம்', 'கணை' என்று மந்திரிக்கவும் சூடு போடவும் போய் ஒரு ராத்திரியை இழந்த குடும்பங்கள் உண்டு. ராத்திரி என்பது அங்கே பெரிய அவகாசம். டாக்டர் கொடுத்த மருந்தை, காய்ச்சல் விட்டாலும், சொன்ன நாள் வரை கொடுங்கள்.

தடுப்பூசியை மறந்துவிடாதீர்கள். நிமோனியாவுக்கு எதிரான பி.சி.வி. ஊசி 6-ஆவது வாரம், 14-ஆவது வாரம், 9-ஆவது மாதம் என மூன்று முறை போடப்படுகிறது. 6, 10, 14 வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் கக்குவான் இருமலும், நிமோனியா உண்டாக்கும் இன்னொரு கிருமியும் அடங்கும். தட்டம்மை ஊசியும் நிமோனியாவைத் தடுக்கிறது. தட்டம்மைக்குப் பின்னால் வரும் நிமோனியாதான் ஒரு காலத்தில் நிறையப் பிள்ளைகளைக் கொண்டுபோனது. அரசு நிலையங்களில் எல்லாம் இலவசம்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம். தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்புச் சக்தியை எந்த டப்பாப் பாலும் கொடுக்காது. இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று ஆகிவிட்டால் அந்தப் பாலும் குறையும், தாயும் வலுவிழப்பாள், கொட்டகையில் சாணம் அள்ளும்போது பிள்ளையை எங்கே விடுவது என்று தெரியாமல் அங்கேயே சாக்கு விரித்துக் கிடத்துவாள். மூன்று வருஷ இடைவெளிக்கு என்னென்ன முறைகள் இருக்கின்றன என்பதை உங்கள் பகுதி செவிலியரிடம் இருவருமாகக் கேளுங்கள்.

பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிக்கவேண்டும், அதுவும் இலவசம். பீடி குடிக்கிறவர், "இது பீடி இருமல்" என்று தானே தீர்ப்பு எழுதிக்கொள்ளக்கூடாது.

கொட்டகையை எங்கே போடுவது?

கொல்லை நீளமாக இருக்கிறவர்கள் வீட்டுக்கும் கொட்டகைக்கும் முடிந்த மட்டும் தூரம் விடுங்கள். எருக்குழி அதற்கும் அப்பால். கொல்லை குறுகலானால், ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் நடுவே கூரை வரை சுவர் எழுப்புங்கள், தட்டி போதாது. கொட்டகைப் பக்கம் உள்ள சன்னலை அடைத்து, எதிர்ப்பக்கத்தில் ஒரு சன்னல் திறங்கள். தரையை மூத்திரம் தேங்காமல் வாட்டமாகப் போடுங்கள். சிமெண்டுக்கு வசதியில்லாவிட்டால் செங்கல் ஜல்லி கொட்டிக் கெட்டித்தாலும் நடக்கும். தினமும் சாணம் அள்ளினால் நெடி பாதியாகக் குறையும்.

மழைக்காலத்துக்கு முன்பே, புரட்டாசியிலேயே, ஆட்டுக்கு ஒரு பரண் கட்டிவிடுவது புத்திசாலித்தனம். மூங்கிலும் கீற்றும் போதும். தரையிலிருந்து மூன்றடி உயரம். புழுக்கை கீழே விழுந்துவிடும், ஆடும் நனையாது, கூடத்துக்கு வரவேண்டிய அவசியமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. பரண் கட்டாத வருஷம் மழை கொட்டினால் ஆட்டைத் திண்ணையில் கட்டுங்கள், தூளியைக் கடைசி அறைக்கு மாற்றுங்கள். ஆட்டை நகர்த்துவதைவிடத் தூளியை நகர்த்துவது லேசு.

உளுந்து, பயறு எடுத்த பிறகு கோடையில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் வயலில் ஆட்டுக்கிடை போட வருவார்கள். எருவுக்கு அதைவிட நல்லது கிடையாது, வரட்டும். பேசி முடிக்கும்போதே, குடியிருப்பை ஒட்டிய வயலில் வேண்டாம், தள்ளிப் போடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். கிடையில் குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும். குட்டி பார்க்கும் ஆசையில் கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் கிடைக்குள் போகவேண்டாம். கீதாரியின் குடும்பமும் அங்கேயே வெட்டவெளியில் தங்கும். அவர்களோடும் கைக்குழந்தை இருக்கும். இந்தப் பிரசுரத்தில் ஒரு பிரதியை அவர்களிடமும் கொடுங்கள். தடுப்பூசி தவறியிருந்தால் எந்த ஊர்க் குழந்தையானாலும் நம் நிலையத்தில் போடுவார்கள்.